ஆறு விண்மீன் திரள்கள் ஒன்றாகும் வரலாறு: வட சென்னையிலிருந்து கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பேரண்டத்தின் வயது இன்று ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அதற்கு 110 கோடி ஆண்டுகள் மட்டுமே நிரம்பியிருந்த காலத்தில், நமது பால்வெளியின் தட்டுக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு சிறிய இடத்தில், ஆறு விண்மீன் திரள்கள் நெருங்கி நின்றதாகத் தோன்றும் ஒரு காட்சியை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் ஆய்வாளர்கள் கண்டெடுத்து 2023ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அத்தகைய நெருக்கமான குழுக்கள் எப்படி உருவாகின, அவை பின்னர் என்ன ஆயின, அவற்றை நாம் எப்படி அடையாளம் காண்கிறோம் என்பவற்றை ஒரு புதியவர் தாமே கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மாலை வகுப்புகளுக்கு வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களையும், துறைமுகத்திலோ மணலி ஆலைகளிலோ வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டப்படிப்பைத் தொடரும் இளைஞர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நம் பகுதியின் இரவு வானம் இருட்டுவதே இல்லை. துறைமுகத்தின் உயர்ந்த விளக்குகளும், எண்ணூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய ஓடும் கண்டெய்னர் லாரிகளும், ஆலைப் புகைபோக்கிகளின் வெளிச்சமும் சேர்ந்து மங்கலான விண்மீன்களை மறைத்துவிடுகின்றன. ஆனால் இந்தத் துறையைக் கற்க இருண்ட வானம் கட்டாயம் இல்லை. தொடக்ககாலப் பேரண்டத்தின் விண்மீன் திரளை எந்த மனிதரும் தம் கண்ணால் நேரடியாகப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் உள்ள ஆய்வாளரும் கணினித் திரையில் வரும் அதே தரவைத்தான் பார்க்கிறார். இணைய வசதியுள்ள ஒரு கைப்பேசி அல்லது கிளை நூலகத்தின் கணினி, ஒரு கணக்கு நோட்டு, ஒரு கால்குலேட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கணக்குகள் அனைத்தும் பெருக்கல், வகுத்தல் அளவிலேயே உள்ளன. அவற்றைப் படித்துக் கடந்துவிடாமல் நோட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்கும்படி வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: எதை நெருக்கக் குழு என்கிறோம்?

1877ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் வானாய்வகத்தில் எடுவார் ஸ்டெஃபான் என்ற வானியலர், பெகாசஸ் விண்மீன் கூட்டத்தில் ஐந்து மங்கலான ஒளித்திட்டுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதைக் கண்டார். இன்று அது ஸ்டெஃபானின் ஐவர் என்று அழைக்கப்படுகிறது. 2022 ஜூலை 12 அன்று வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியானபோது அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றதும் இதுதான்.

ஆனால் ‘நெருக்கமாக இருக்கிறது’ என்று கண்ணால் சொல்வதை அறிவியலாக மாற்றுவதற்கு அளவுகோல் வேண்டும். அதை 1982இல் வகுத்துத் தந்தவர் கனடாவைச் சேர்ந்த பால் ஹிக்சன். பாலோமர் வானாய்வகத்தின் வான்பரப்பு ஆய்வுப் படங்களை அலசி, 100 குழுக்கள் கொண்ட ஒரு பட்டியலை அவர் வெளியிட்டார். அதில் இடம்பெற ஒரு குழு மூன்று நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். குறைந்தது நான்கு விண்மீன் திரள்களாவது இருக்க வேண்டும் என்பதும், அவை குழுவின் மிகப் பொலிவான உறுப்பினரைவிட மூன்று பொலிவெண்ணுக்கு மேல் மங்கியிருக்கக் கூடாது என்பதும் முதல் நிபந்தனை. எல்லா உறுப்பினர்களையும் உள்ளடக்கும் மிகச் சிறிய வட்டத்தை வரைந்தால், அந்தப் பரப்பில் அவற்றின் ஒளி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் செறிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அந்த வட்டத்தைவிட மூன்று மடங்கு விட்டமுள்ள பெரிய வட்டத்துக்குள் அதே பொலிவு வரம்பில் உள்ள வேறு திரள் எதுவும் குறுக்கிடக் கூடாது என்பது மூன்றாவது.

மூன்று பொலிவெண் என்பது எவ்வளவு? ஒரு பொலிவெண் வேறுபாடு 2.512 மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என்ற அளவை 1856இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். அவரே பின்னர் 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவராகத் தம் இறுதிக் காலம் வரை பணியாற்றினார் என்பதை நம் ஊர் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 2.512 என்ற எண்ணை மூன்று முறை பெருக்கினால் ஏறத்தாழ 16 வரும். ஆகவே, குழுவின் மிகப் பொலிவான உறுப்பினருக்கும் மிக மங்கலான உறுப்பினருக்கும் இடையே 16 மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பதே ஹிக்சனின் முதல் நிபந்தனையின் பொருள். ஒரு பெரிய திரளையும் அதைச் சுற்றும் குட்டித் திரள்களையும் குழு என்று தவறாகக் கணக்கில் சேர்த்துவிடாமல் இது காக்கிறது.

மூன்றாம் நிபந்தனையைப் புதியவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. என் பார்வையில் மூன்றிலும் ஆழமானது அதுதான். ஆயிரக்கணக்கான திரள்கள் மொய்க்கும் ஒரு பெரிய கொத்தின் நடுப்பகுதியில் எந்த நான்கைத் தேர்ந்தெடுத்தாலும் அவை நெருக்கமாகத்தான் இருக்கும். அங்கே உறுப்பினர்கள் மிக வேகமாகப் பாய்வதால் ஒன்றையொன்று கடந்து சென்றுவிடும். தனித்து நிற்கும் சிறு குழுவில் வேகம் குறைவு; நெருக்கம் அதிகம். மெதுவாக நெருங்கும் இரண்டு திரள்கள்தாம் ஒன்றோடொன்று கலந்து ஒன்றாக முடியும். நமக்கு வேண்டிய கதை நடக்கும் இடம் அதுவே.

இரண்டாம் படி: உண்மையிலேயே அருகருகே இருக்கின்றனவா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அருகே இரவில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு, கரையோரத்தில் நிற்கும் ஒரு விசைப்படகின் விளக்கும், துறைமுகத்துக்குள் நுழைய முறை வருவதற்காகத் தொலைவில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலின் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் எரிவதுபோலத் தெரியும். வானத்திலும் இதே சிக்கல் உண்டு. ஸ்டெஃபானின் ஐவரில் என்ஜிசி 7320 என்ற திரள் நம்மிடமிருந்து ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டு தொலைவில் மட்டுமே இருக்கிறது. மற்ற நான்கும் சுமார் 29 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கின்றன. ஐவர் என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், நெருங்கி நிற்பவர்கள் நால்வர்தாம்.

தொலைவைப் பிரித்தறிய உதவுவது செம்பெயர்ச்சி. பேரண்டம் விரிவதால், தொலைவில் உள்ள திரளின் ஒளி நம்மை வந்தடையும்போது அதன் அலைநீளம் நீண்டிருக்கும். ஹைட்ரஜன் அணு உமிழும் சிவப்பு நிறக் கோட்டின் அலைநீளம் ஆய்வுக்கூடத்தில் 656.3 நானோமீட்டர். என்ஜிசி 7320இன் நிறமாலையில் அது ஏறத்தாழ 658 நானோமீட்டரில் விழுகிறது. என்ஜிசி 7317இன் நிறமாலையில் ஏறத்தாழ 670.7 நானோமீட்டரில் விழுகிறது. இரண்டிலிருந்தும் 656.3ஐக் கழித்து, கிடைப்பதை 656.3ஆல் வகுத்துப் பாருங்கள். முதலாவதற்கு 0.0026 என்றும், இரண்டாவதற்கு 0.022 என்றும் விடை வரும். அந்த விடையே செம்பெயர்ச்சி. அதை ஒளியின் வேகமான விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரால் பெருக்கினால், முதல் திரள் விநாடிக்கு சுமார் 800 கிலோமீட்டர் வேகத்திலும் இரண்டாவது சுமார் 6,600 கிலோமீட்டர் வேகத்திலும் நம்மைவிட்டு விலகுவதாகக் கிடைக்கும். இவ்வளவு வேறுபாடு கொண்ட இரண்டும் ஒரே குழுவைச் சேர்ந்தவையாக இருக்க முடியாது.

அதே குழுவில் என்ஜிசி 7318பி என்ற உறுப்பினருக்கு இந்த வேகம் விநாடிக்கு 5,800 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் சுமார் 900 கிலோமீட்டர் வேறுபாடு. இது வேறு தொலைவில் நிற்பதால் வந்த வேறுபாடு இல்லை. இந்தத் திரள் அந்த வேகத்தில் குழுவுக்குள் பாய்ந்து வந்து, இடையிலுள்ள வாயுவோடு மோதிக்கொண்டிருக்கிறது. மோதலில் சூடேறிய வாயு எக்ஸ் கதிர்களை உமிழ்வதையும் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. வேக வேறுபாடு எப்போது தொலைவைக் காட்டுகிறது, எப்போது குழுவுக்குள் நடக்கும் ஓட்டத்தைக் காட்டுகிறது என்பதைப் பிரித்தறியும் பழக்கம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் வேறுபாடு பெரும்பாலும் உள்ளோட்டம். பல ஆயிரம் என்றால் தொலைவு.

ஹிக்சனும் அவரது குழுவினரும் 1992இல் தங்கள் 100 குழுக்களின் செம்பெயர்ச்சிகளையும் அளந்து வெளியிட்டபோது, ஒத்துப்போகும் உறுப்பினர்கள் மூவராவது இருந்தவை 92 என்றும், நால்வராவது இருந்தவை 69 என்றும் தெரியவந்தது. கண்ணுக்கு நெருக்கமாகத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை மெய்யான குழுக்களே என்ற நம்பிக்கையை இது தந்தது. அளக்காமல் நம்பக் கூடாது என்பதையும் கூடவே காட்டியது.

மூன்றாம் படி: காலக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கணக்கைத்தான் போட நேரம் இருக்கிறது என்றால் இதைப் போடுங்கள். ஹிக்சன் குழுக்களில் உறுப்பினர்கள் ஒன்றையொன்று சார்ந்து நகரும் வேகம் விநாடிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டியது. அண்டைத் திரள்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 2 லட்சம் ஒளியாண்டுகள். நமது பால்வெளிக்கும் ஆண்ட்ரோமெடா திரளுக்கும் இடைப்பட்ட தூரம் 25 லட்சம் ஒளியாண்டுகள் என்பதோடு ஒப்பிட்டால் நெருக்கத்தின் அளவு விளங்கும். ஒளி 200 கிலோமீட்டரைவிட 1,500 மடங்கு வேகமானது. எனவே ஓர் ஒளியாண்டைக் கடக்கத் திரளுக்கு 1,500 ஆண்டுகள் தேவை. 2 லட்சத்தை 1,500ஆல் பெருக்கினால் 30 கோடி ஆண்டுகள்.

பேரண்டத்தின் வயதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய காலம். ஒரு திரள் தன் அண்டைத் திரளை ஒரு முறை கடந்து செல்ல 30 கோடி ஆண்டுகள்தாம் ஆகும் என்றால், இதுவரை நாற்பது முறைக்கு மேல் கடந்திருக்கலாம். ஆனால் கடப்பது இலவசமாக நடப்பதில்லை. ஒவ்வொரு திரளையும், ஒளியை உமிழாமல் ஈர்ப்பின் வழியாக மட்டுமே தன் இருப்பைக் காட்டும் கரும்பொருளாலான ஒரு பெரிய உறை சூழ்ந்திருக்கிறது. அந்த உறைக்குள் இன்னொரு திரள் நுழைந்து நகரும்போது, அது தன் ஈர்ப்பினால் கரும்பொருளைத் தனக்குப் பின்னால் குவிக்கிறது. பின்னால் குவிந்தது அதைப் பின்னோக்கி இழுக்கிறது. வேகம் குறைகிறது, பாதை சுருங்குகிறது, இறுதியில் இரண்டும் கலந்துவிடுகின்றன. ஜோஷுவா பார்ன்ஸ் 1989இல் கணினி மாதிரிகள் வழியாக இதைப் பின்தொடர்ந்து, இத்தகைய குழுக்கள் சில முறை கடந்ததுமே ஒன்றாகி நீள்வட்டத் திரளாக மாறுகின்றன என்று காட்டினார்.

அப்படியானால் நம் அருகில் இன்றும் குழுக்கள் ஏன் இருக்கின்றன? தளர்வான பெரிய குழுக்களுக்குள் புதிய நெருக்கக் குழுக்கள் தொடர்ந்து உருவாகின்றன என்ற விளக்கத்தை டியாஃபெரியோ, கெல்லர், ரமெல்லா ஆகியோர் 1994இல் முன்வைத்தார்கள். அதே ஆண்டில் பான்மனும் உடன் ஆய்வாளர்களும், ஒரு குழுவுக்குரிய சூடான வாயு உறை சூழ்ந்திருந்தும் நடுவில் ஒரே ஒரு பெரிய நீள்வட்டத் திரள் மட்டும் மிஞ்சியிருந்த இடத்தைக் கண்டு, அதைப் புதைபடிவக் குழு என்று அழைத்தார்கள். முடிந்துபோன குழுவின் அடையாளம் அது. ஆகவே நெருக்கக் குழு என்பது நிலையான பொருள் அன்று, கடந்து செல்லும் ஒரு கட்டம். இதை மனத்தில் பதித்துக்கொண்டு தொடக்ககாலத்துக்குச் செல்வோம்.

நான்காம் படி: விதையும் வளர்ச்சியும்

பெருவெடிப்புக்குப் பின் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பேரண்டம் ஒளி ஊடுருவும் அளவுக்குக் குளிர்ந்தது. அப்போது புறப்பட்ட ஒளிதான் இன்று நுண்ணலைப் பின்னணியாக எல்லாத் திசைகளிலிருந்தும் நம்மை வந்தடைகிறது. 1992இல் கோபே செயற்கைக்கோளும், பின்னர் டபிள்யூமேப், பிளாங்க் ஆகியவையும் அந்த ஒளியின் வெப்பநிலை இடத்துக்கு இடம் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு வேறுபடுவதை அளந்தன. அந்தச் சிறு வேறுபாடுகளே எல்லாத் திரள்களுக்கும் விதை.

சாதாரணப் பொருளை மட்டும் கொண்டு இந்த விதை வளர்ந்திருக்க முடியாது. அந்த 3.8 லட்சம் ஆண்டுகளில் சாதாரணப் பொருள் ஒளியோடு பிணைந்திருந்தது. அது சுருங்க முயன்றபோதெல்லாம் ஒளியின் அழுத்தம் அதை விரித்தது. கரும்பொருளுக்கு ஒளியோடு எந்தப் பிணைப்பும் இல்லை. பொருளில் ஆறில் ஐந்து பங்குக்கும் மேலாக இருக்கும் அது, முன்பே குவியத் தொடங்கிவிட்டது. ஒளியிலிருந்து விடுபட்ட ஹைட்ரஜனும் ஹீலியமும் ஏற்கெனவே ஆழமாகியிருந்த கரும்பொருள் குழிகளில் விழுந்து, குளிர்ந்து, விண்மீன்களாயின. முதலில் சிறிய உறைகள், பிறகு அவை இணைந்து பெரிய உறைகள் என்ற வரிசையிலேயே வளர்ச்சி நடந்தது. கரும்பொருள் இழைகளாக நீண்டு, இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் செறிந்தது. ஒரே முடிச்சுக்குப் பல இழைகள் வழியாக வாயு வந்து சேர்ந்ததால், அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட திரள்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அருகருகே பிறந்தன. தொடக்ககாலக் குழுக்களின் பிறப்பிடம் இந்த முடிச்சுகளே.

இனி இன்னொரு கணக்கு. செம்பெயர்ச்சி 5.2 என்றால், அந்த ஒளி புறப்பட்டபோது பேரண்டத்தின் தூரங்கள் இன்றிருப்பதில் 6.2இல் ஒரு பங்காக இருந்தன என்று பொருள். செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். 6.2ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 238. பொருளின் சராசரி அடர்த்தி இன்றையதைப்போல் 238 மடங்கு இருந்தது. ஒரு காலத்தில் புதிதாக உருவாகும் உறையின் அடர்த்தி, அக்காலத்துச் சராசரி அடர்த்திக்கு ஏற்பவே அமையும். ஈர்ப்பின் கீழ் ஒரு பொருள் உள்ளே விழுந்து கடக்கும் காலமோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 238இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 15. இன்று உருவாகும் ஓர் உறையில் ஆகும் காலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு போதும் என்பதே இதன் விளைவு. தொடக்ககாலத்தில் எல்லாமே நெருக்கமாகவும் விரைவாகவும் நடந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் பின்னால் இருப்பது இந்தச் சிறிய கணக்குதான்.

ஐந்தாம் படி: அந்த ஆறையும் எப்படிக் கண்டார்கள்?

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன குழுவுக்குச் சிஜிஜி-இசட்5 என்று பெயரிட்டிருக்கிறார்கள். கோபன்ஹேகனில் உள்ள காஸ்மிக் டான் மையத்தின் ஷுவோவன் ஜின் தலைமையிலான ஆய்வாளர்கள், வெப் தொலைநோக்கியின் சீர்ஸ் ஆய்வுப் படங்களில் இதைக் கண்டார்கள். அந்த வான்பகுதி சப்தரிஷி மண்டலத்தின் வால் முனைக்கு அருகில் இருக்கிறது. மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் இரவு பத்து மணியளவில், தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியிலிருந்து எண்ணூர்ப் பக்கம் நோக்கி, அதாவது நேர் வடக்கே, அடிவானத்துக்கு மேல் 50 பாகை உயரத்தில் அது நிற்கும். வெறும் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. ஆனாலும் திசையையாவது அறிந்திருப்பது, திரையில் காணும் புள்ளிகள் நம் தலைக்கு மேல் உள்ள அதே வானத்தைச் சேர்ந்தவை என்ற உணர்வைத் தருகிறது என்பதை மாணவர்களிடம் நான் கண்டிருக்கிறேன்.

கண்டறியும் முறை பின்வருமாறு. ஹைட்ரஜன் அணு 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை முழுவதுமாக விழுங்கிவிடும், 121.6 நானோமீட்டரில் உள்ள ஒளியையும் உறிஞ்சும். தொலைதூரத் திரளின் ஒளி நம்மை நோக்கி வரும் வழியெங்கும் ஹைட்ரஜன் இருப்பதால், இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட ஒளியும் பெருமளவு தேய்ந்துவிடுகிறது. இந்த எல்லைகளை 6.2ஆல் பெருக்குங்கள். 91.2 என்பது 565 நானோமீட்டராகவும், 121.6 என்பது 754 நானோமீட்டராகவும் மாறும். ஆகவே செம்பெயர்ச்சி 5.2இல் உள்ள ஒரு திரள், ஹபிள் தொலைநோக்கியின் 435 நானோமீட்டர் வடிகட்டியில், அதாவது அந்த அலைநீளத்தை ஒட்டிய ஒளியை மட்டும் உள்ளே விடும் தடுப்பில், முற்றிலும் மறைந்துவிட வேண்டும். 606 நானோமீட்டர் வடிகட்டியிலும் தெரியக் கூடாது. வெப் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களில் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த ஆறு திரள்களும் இப்படியே நடந்துகொண்டன. பல வடிகட்டிகளில் கிடைத்த பொலிவுகளை ஒப்பிட்டபோது, ஆறின் செம்பெயர்ச்சியும் 5.0க்கும் 5.3க்கும் இடையில் விழுந்தது.

அவை பரவியிருக்கும் இடம் வானத்தில் 1.5 விகலைக்கு 3 விகலை. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை. அந்தத் தொலைவில் ஒரு விகலை ஏறத்தாழ 20 ஆயிரம் ஒளியாண்டுகளுக்குச் சமம். பெருக்கிப் பார்த்தால் குழுவின் நீளம் 60 ஆயிரத்துக்குச் சற்று அதிகமான ஒளியாண்டுகள், அகலம் அதில் பாதி. பால்வெளியின் தட்டு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலமுடையது. ஆறில் பெரியதன் விண்மீன்களின் மொத்த நிறை நம் சூரியனைப்போல் ஏறத்தாழ 630 கோடி மடங்கு. மற்ற ஐந்தும் 25 கோடியிலிருந்து 160 கோடி மடங்கு வரை உள்ள சிறியவை.

ஹிக்சனின் முதல் நிபந்தனையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு பெரிய உறுப்பினரும் அதைவிடப் பல மடங்கு சிறிய துணைகளும் கொண்ட இந்த அமைப்பு, அந்த நிபந்தனைக்கு எளிதில் இணங்காது. 1982இன் அளவுகோல் அருகிலுள்ள வானத்துக்காக வகுக்கப்பட்டது. தொடக்ககாலத்தில் குழு என்ற சொல்லை ஆய்வாளர்கள் சற்று நெகிழ்த்தியே பயன்படுத்துகிறார்கள் என்பதையும், வடிகட்டிகள் வழியாகக் கிடைத்த செம்பெயர்ச்சி ஒரு மதிப்பீடு என்பதையும், நிறமாலை எடுக்கும் வரை உறுப்பினர்களை வேட்பாளர்கள் என்றே அந்த ஆய்வு குறிப்பிடுகிறது என்பதையும் புதியவர் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் படியில் கற்ற எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: 5.0க்கும் 5.3க்கும் இடைப்பட்ட தொலைவு மிகப் பெரியது. அதன் ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் இன்னொன்றும் இருந்தால் அவை அண்டைவீட்டார் அல்ல.

ஆறாம் படி: எதிர்காலத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தல்

நாம் காண்பது ஒரே ஒரு கணத்தின் படம். அடுத்து என்ன நடந்தது என்று அறியக் காத்திருக்க முடியாது. எனவே ஆய்வாளர்கள் ஈகிள் என்ற கணினி மாதிரிப் பேரண்டத்தில், இதைப் போன்ற நெருக்கமான அமைப்புகளைத் தேடி எடுத்து, அவற்றின் பிற்கால வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார்கள். கண்டெடுத்த அமைப்புகள் அனைத்தும் செம்பெயர்ச்சி 3 வருவதற்குள், அதாவது பேரண்டத்துக்கு ஏறத்தாழ 210 கோடி வயது ஆவதற்குள், ஒரே திரளாக இணைந்துவிட்டன. செம்பெயர்ச்சி 1 வரும்போது, ஏறத்தாழ 590 கோடி வயதில், அவை சூரியனைப்போல் 10 ஆயிரம் கோடி மடங்குக்கு மேற்பட்ட விண்மீன் நிறை கொண்ட பெரிய திரள்களாக வளர்ந்திருந்தன.

இதை நாமும் சரிபார்க்கலாம். மூன்றாம் படியின் வேகத்தையே எடுத்துக்கொண்டால், 65 ஆயிரம் ஒளியாண்டுகளைக் கடக்க ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகும். 110 கோடி வயதிலிருந்து 210 கோடி வயது வரை 100 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. பத்து முறை கடக்கப் போதிய காலம். சில முறை கடந்தாலே கலந்துவிடும் என்று பார்ன்ஸ் காட்டியதை நினைத்தால், கணினி மாதிரியின் முடிவு நம் நோட்டுக் கணக்கோடு இசைகிறது.

ஆறு திரள்களின் நிறையையும் கூட்டினாலும் 10 ஆயிரம் கோடி வராது என்பதை ஒரு கவனமான மாணவி சுட்டிக்காட்டினார். சரியான கேள்வி அது. மீதி எங்கிருந்து வருகிறது? இழைகள் வழியாகத் தொடர்ந்து விழும் வாயுவிலிருந்து பிறக்கும் புதிய விண்மீன்களும், பின்னர் வந்து சேரும் வேறு திரள்களும்தாம் மீதியைத் தருகின்றன. முடிச்சில் பிறந்ததால்தான் அந்தக் குழுவுக்கு இந்த வரவு கிடைக்கிறது. ஆறும் இணைவது பெரிய திரளின் பிறப்பில் ஓர் அங்கம் மட்டுமே. அதன் உணவு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது.

ஏழாம் படி: ஒத்த தோற்றமுள்ளவற்றைப் பிரித்தறிதல்

2018இல் அறிவிக்கப்பட்ட எஸ்பிடி2349-56 என்ற அமைப்பில், பெருவெடிப்புக்கு 140 கோடி ஆண்டுகளுக்குப் பின்னர், 14 திரள்கள் மிகச் சிறிய இடத்தில் கடும் வேகத்தில் விண்மீன்களைப் பிறப்பித்துக்கொண்டிருந்தன. சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கி அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது. 2023இல் டகாஹிரோ மோரிஷிடா தலைமையிலான குழு, பேரண்டத்துக்கு 65 கோடி வயது ஆனபோது ஏழு திரள்கள் ஒன்றாக இருந்ததை, பின்னாலிருந்து வரும் ஒளியைத் தன் ஈர்ப்பால் வளைத்துப் பெரிதாக்கிக் காட்டும் ஈர்ப்பு வில்லையான ஏபெல் 2744 என்ற கொத்தின் பின்னால், நிறமாலை வழியாகவே உறுதி செய்தது. இவ்விரண்டும் கொத்துகளின் முன்னோடிகள். இவை ஒரே திரளாக முடிந்துவிடாமல், ஆயிரக்கணக்கான உறுப்பினர் கொண்ட பெருங்கொத்தின் நடுப்பகுதியாக மாறும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. சிஜிஜி-இசட்5இன் முடிவோ ஒரே ஒரு பெரிய திரள். படத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றலாம். உறையின் மொத்த நிறையும், சுற்றுவட்டாரத்தில் பல லட்சம் ஒளியாண்டு பரப்பில் வேறு திரள்கள் செறிந்திருக்கின்றனவா என்பதும்தான் வேறுபாட்டைச் சொல்லும். ஹிக்சனின் மூன்றாம் நிபந்தனை இங்கே வேறு வடிவில் மீண்டும் பயன்படுகிறது.

2025இல் அறிவிக்கப்பட்ட வெப்பின் ஐவர் இன்னொரு வகை. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்குப் பின், குறைந்தது ஐந்து திரள்கள் மோதிக்கொண்டிருக்கும் இடம் அது. அவற்றைச் சுற்றிலும், திரள்களுக்கு வெளியேயும், ஆக்சிஜன் கலந்த வாயு பரவியிருப்பது தெரிந்தது. ஆக்சிஜன் விண்மீன்களின் உள்ளே மட்டுமே உருவாகும். அது வெளியே கிடக்கிறது என்றால், மோதல்களின் ஈர்ப்பிழுப்பு அதை வெளியே எறிந்திருக்க வேண்டும். இணைவு நடந்துகொண்டிருப்பதற்கான நேரடித் தடயமாக இதை நான் மதிக்கிறேன்.

எட்டாம் படி: கையால் செய்து பார்த்தல்

கைப்பேசி உலாவியில் அலாதீன் லைட் என்ற இலவச வான்வரைபடத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் ஹிக்சன் பட்டியலின் ஆங்கிலச் சுருக்கமான எச்சிஜி என்ற மூன்று எழுத்துகளையும் 92 என்ற எண்ணையும் இடுங்கள். ஸ்டெஃபானின் ஐவர் வந்து நிற்கும். படத்தின் மூலையில் உள்ள அளவுக்கோட்டைக் கொண்டு, உறுப்பினர்களை உள்ளடக்கும் சிறிய வட்டத்தின் விட்டத்தை அளந்து, மூன்றால் பெருக்கி, அந்தப் பெரிய வட்டத்துக்குள் வேறு பொலிவான திரள் உண்டா என்று பாருங்கள். பிறகு 79, 44, 31 ஆகிய எண்களுக்கும் இதையே செய்யுங்கள். 79ஆம் எண் ஸெய்ஃபர்ட்டின் அறுவர் எனப்படும் குழு. அதிலும் ஓர் உறுப்பினர் பின்புலத்தில் மிகத் தொலைவில் இருப்பவர், இன்னொன்று இழுபட்ட விண்மீன்களாலான வால் மட்டுமே. யார் யார் என்று செம்பெயர்ச்சியைக் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள். 31ஆம் எண் சிறிய, வாயு நிறைந்த திரள்கள் இப்போதுதான் இணையும் இடம் என்பதால், தொடக்ககாலக் குழுக்களைக் கற்பனை செய்ய அருகிலேயே கிடைக்கும் சிறந்த மாதிரி என்று கருதுகிறேன்.

கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் 44ஆம் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். அது சிம்ம மண்டலத்தில், பிடரியின் வளைவில் உள்ள இரண்டு விண்மீன்களுக்கு நடுவே இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிலவில்லாத இரவொன்றில், எட்டு அங்குலத் தொலைநோக்கியோடு பழவேற்காட்டுக்கு வடக்கே விளக்கு குறைந்த இடம் எதற்காவது போனால், அதன் பொலிவான இரண்டு உறுப்பினர்கள் மங்கிய திட்டுகளாகத் தெரியும். திருவொற்றியூர்க் கடற்கரையிலிருந்து முயன்று ஏமாற வேண்டாம்.

வெப் தொலைநோக்கியின் தரவைத் தொட விரும்புவோருக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஈஎஸ்ஏ ஸ்கை என்ற தளம் எளிது. சீர்ஸ் ஆய்வின் தரவு, எடுக்கப்பட்ட நாளிலிருந்தே எல்லாருக்கும் திறந்துவைக்கப்பட்டது. அந்தப் பகுதியைத் திறந்து, ஒரே நிறத்தில் மூன்று விகலைக்குள் நெருங்கி நிற்கும் சிவந்த புள்ளிகளைத் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நான்கு நிரல்களை எழுதுங்கள்: ஹபிளின் நீல வடிகட்டியில் தெரிகிறதா, எத்தனை விகலைக்குள் எத்தனை புள்ளிகள், மூன்று மடங்கு வட்டத்தில் வேறு என்ன இருக்கிறது, நிறமாலை எடுக்கப்பட்டிருக்கிறதா. நான்காம் நிரலில் ‘இல்லை’ என்று எழுத வேண்டியவைதாம் பெரும்பாலும் வரும். அவற்றுக்கு நேராக இடம் விட்டு வையுங்கள், ஏனெனில் வெப்பின் நிறமாலைமானி அந்தப் பகுதிக்கு மீண்டும் மீண்டும் திருப்பப்பட்டு வருகிறது.